நித்தியகல்யாணியும் புற்றுநோய் மருந்தும்

நம் ஆலயங்களின் நந்தவனங்களிலும், வீட்டு வாசல்களிலும், சாலையோரங்களிலும் ஆண்டு முழுவதும் பூத்துக் குலுங்கும் செடி நித்தியகல்யாணி. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஐந்து இதழ்கள் கொண்ட இதன் மலர்களைப் பறித்து அர்ச்சனைக்குத் தருவோர் பலர். மலாய்க்காரர்கள் இதனைக் கெமுந்திங் சீனா என்று அழைக்கின்றனர். தமிழிலேயே இதற்கு வேறு பெயர்களும் உண்டு. கவனிப்பார் இல்லாத நிலத்திலும் வளர்வதால் கிராமத்து மக்கள் இதனைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். என்றும் மங்கலம் என்று பொருள்படும் பெயரும், சுடுகாட்டின் பெயரும் ஒரே செடிக்கு அமைந்திருப்பது வியப்புக்குரியது.

இந்தச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கப்படுகிறது என்னும் செய்தியைப் பக்த அன்பர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். செய்தி உண்மையே. ஆனால் அந்த உண்மையின் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் நோய் தீரும் என்று நம்புவோரும் நம்மிடையே உண்டு. இலைக்கும் மருந்துக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு, அத்தூரத்தை மனிதர்கள் எவ்வாறு கடந்தார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதனை அறிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக அன்று. ஓர் உயிரைக் காக்கவும் அது உதவக்கூடும்.

ஆல்கலாய்டு என்பது யாது?

செடிகொடிகள் தம்மைப் பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் காத்துக்கொள்ளப் பலவகையான இரசாயனப் பொருள்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் நைட்ரஜன் அணுவைக் கொண்டவையும், பெரும்பாலும் கசப்புச் சுவை உடையவையுமான ஒரு பெரிய குடும்பத்துக்கு ஆல்கலாய்டுகள் என்று பெயர். காப்பியில் உள்ள காஃபீன், மிளகில் உள்ள பைப்பரின், மலேரியாவுக்குத் தரப்பட்ட குவினைன், கடும் வலியைப் போக்கும் மார்ஃபீன், புகையிலையில் உள்ள நிக்கோட்டின் ஆகிய அனைத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. சமையலறையிலும் இவை உண்டு, மருந்துக் கடையிலும் உண்டு, நஞ்சாகவும் உண்டு. வெற்றிலையோடு மெல்லும் பாக்கிலும் அரிக்கோலின் என்னும் ஆல்கலாய்டு இருக்கிறது. அந்தப் பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. ஆகவே, இயற்கையில் கிடைப்பது என்பதனாலேயே ஒரு பொருள் நன்மை செய்யும் என்று கொள்வதற்கில்லை.

நித்தியகல்யாணியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. அவற்றுள் புற்றுநோய் மருத்துவத்தில் இடம்பெற்றவை இரண்டே: வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின்.

ஒன்றைத் தேடி மற்றொன்றைக் கண்டது

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. கப்பல் வழியாக உலகின் வெப்ப நாடுகள் எங்கும் பரவிய இச்செடியைப் பல நாட்டு மக்களும் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகப் பயன்படுத்தி வந்தனர். 1952ஆம் ஆண்டு, கனடாவில் கிளார்க் நோபிள் என்னும் மருத்துவருக்கு ஒரு கடித உறை வந்தது. ஜமைக்காவிலிருந்து வந்த அவ்வுறையில் நித்தியகல்யாணி இலைகள் இருந்தன. அங்குள்ளோர் சர்க்கரை நோய்க்கு இவ்விலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கின்றனர் என்னும் குறிப்பும் உடன் வந்தது. அவர் அதனை, மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம் சகோதரர் டாக்டர் ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார்.

இலைச் சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். சில நாள்களில் எலிகள் கிருமித் தொற்றினால் இறந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பெருமளவு குறைந்திருப்பதும், எலும்பு மஜ்ஜை வற்றியிருப்பதும் தெரியவந்தது. வேறொருவராக இருந்தால் இது பயனற்ற நஞ்சு என்று ஒதுக்கியிருக்கக்கூடும். டாக்டர் நோபிள் வேறு விதமாகச் சிந்தித்தார். இரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன அல்லவா? அவற்றைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாமே என்று எண்ணினார். 1954இல் அவருடன் சேர்ந்த இரசாயன அறிஞர் சார்ல்ஸ் பீர் அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். 1958இல் அவர்கள் அதனை உலகுக்கு அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின்.

அதே காலத்தில் அமெரிக்காவின் இலை லில்லி மருந்து நிறுவனத்தில் கோர்டன் சுவபோடாவும் அவருடைய குழுவினரும் இதே செடியைத் தனியாக ஆராய்ந்து வந்தனர். இரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகள் இதன் சாற்றினால் நீண்ட நாள் உயிர் வாழ்ந்ததை அவர்கள் கண்டார்கள். வின்கிறிஸ்டின் அவர்களது உழைப்பினால் கிடைத்தது. 1963ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அதனை மருந்தாக அனுமதித்தது.

மருந்து செய்யும் வேலை

நம் உடலின் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதன் உள்ளே மெல்லிய குழாய்களால் ஆன ஒரு கதிர் அமைப்பு தோன்றுகிறது. தறியில் பாவு நூல்கள் இழுத்துக் கட்டப்படுவதைப் போல, அக்குழாய்கள் மரபுப் பொருளைச் சரிபாதியாக இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கின்றன. டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டே இக்குழாய்கள் உருவாகின்றன. நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகள் டியூபுலினைப் பற்றிக்கொண்டு, குழாய் உருவாக விடாமல் தடுக்கின்றன. பிரிய முடியாத உயிரணு அப்படியே நின்று மடிகிறது.

புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் பிரிபவை. ஆகவே அவை முதலில் அடிபடுகின்றன. ஆனால் எலும்பு மஜ்ஜையின் அணுக்களும், முடி வளரும் அணுக்களும் விரைந்து பிரிபவையே. நரம்புகளுக்குள்ளும் இதே குழாய்கள் இருக்கின்றன. எனவே மருந்து நல்லதையும் தாக்குகிறது. நன்மைக்கும் தீமைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அகலப்படுத்துவதே, மூலக்கூறின் அமைப்பை மாற்றுவோரின் முதல் நோக்கம்.

இம்மியளவு மாற்றம், பெரிய வேறுபாடு

வின்பிளாஸ்டினையும் வின்கிறிஸ்டினையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இயற்கையே இப்பாடத்தை நமக்குக் கற்பிப்பதைக் காணலாம். இரண்டும் நூற்றுக்கு மேற்பட்ட அணுக்கள் கொண்ட பெரிய மூலக்கூறுகள். ஓரிடத்தைத் தவிர மற்ற எல்லா வகையிலும் அவை ஒன்றே. வின்பிளாஸ்டினில் ஒரு நைட்ரஜன் அணுவோடு மெத்தில் என்னும் சிறு தொகுதி இணைந்திருக்கிறது. வின்கிறிஸ்டினில் அதே இடத்தில் ஃபார்மைல் என்னும் தொகுதி இருக்கிறது. கணக்கில் சொன்னால், இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் குறைந்து ஓர் ஆக்சிஜன் அணு கூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் நோயாளியின் உடலில் இரண்டும் வெவ்வேறு மருந்துகள். வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் வேறு சில கட்டிகளுக்கும் பயன்படுகிறது. அதன் முக்கியப் பக்கவிளைவு வெள்ளை அணுக்கள் குறைவது. வின்கிறிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. அது மஜ்ஜையை அதிகம் வாட்டுவதில்லை, நரம்புகளையே வாட்டுகிறது. கைகால் மரத்துப்போதல், கடும் மலச்சிக்கல் முதலியவை அதனால் வருபவை. மஜ்ஜையை வாட்டாத அந்தக் குணமே அதனை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க வழி செய்தது.

அதன் பயனைக் குழந்தைகளிடம் கண்டோம். 1950களில் கடும் நிணஅணு இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் ஏறத்தாழ அனைவரும் சில மாதங்களில் இறந்தனர். பல மருந்துகளைச் சேர்த்து முறையாகத் தரும் சிகிச்சையினால் இன்று வசதி பெற்ற நாடுகளில் அத்தகைய குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் பிழைக்கின்றனர். அந்தக் கூட்டு மருந்துகளில் வின்கிறிஸ்டினும் ஒன்று.

பிரெஞ்சு அறிஞரின் கைவண்ணம்

இயற்கை செய்த மாற்றத்தை மனிதனும் செய்ய முடியாதா? முதல் தடை, பொருள் கிடைப்பதிலேயே இருந்தது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. வின்கிறிஸ்டின் அதைவிடவும் மிகக் குறைவாகவே இலையில் இருக்கிறது. ஆகையால், மிகுதியாகக் கிடைக்கும் வின்பிளாஸ்டினை எடுத்து, அதன் மெத்தில் தொகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து வின்கிறிஸ்டினாக மாற்றும் முறையை இரசாயன அறிஞர்கள் வகுத்தனர்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் பிரான்சின் அறிஞர் பியேர் பொத்தியே. வின்பிளாஸ்டின் உண்மையில் இரண்டு சிறிய ஆல்கலாய்டுகளின் சேர்க்கை. ஒரு பாதி வின்டோலின். மறு பாதி கத்தரான்தின் என்பதிலிருந்து வருவது. இந்த இரண்டும் இலையில் தனித்தனியே தாராளமாக இருக்கின்றன. சேர்ந்த நிலையில்தான் அரிது. பாதிகளை எடுத்து ஆய்வுக்கூடத்தில் இணைக்கும் வழியை 1970களில் பொத்தியேயின் குழு கண்டறிந்தது. அவ்வழியில் செல்லும்போதே, கத்தரான்தின் பகுதியில் இருந்த ஒன்பது அணு வளையத்திலிருந்து ஒரு கார்பன் அணுவை நீக்கி, எட்டு அணு வளையமாகச் சுருக்கினார்கள். அவ்வாறு பிறந்தது வினொரெல்பின். 1989இல் பிரான்சிலும் 1994இல் அமெரிக்காவிலும் நுரையீரல் புற்றுநோய்க்கு அது அனுமதிக்கப்பட்டது. நரம்புகளுக்கு அதனால் வரும் கேடு வின்கிறிஸ்டினைவிடக் குறைவு. வாய் வழியாக உட்கொள்ளும் மாத்திரையாகவும் அது கிடைக்கிறது.

பின்னர் அதே மூலக்கூறில் இரண்டு ஃபுளோரின் அணுக்களைச் சேர்த்து வின்புளுனின் என்னும் மருந்தையும் பிரெஞ்சு அறிஞர்கள் உருவாக்கினர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு 2009இல் ஐரோப்பாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஒரு செடியின் இலையிலிருந்து தொடங்கி, ஓரணுவை எடுத்தும் ஈரணுவைச் சேர்த்தும் ஒரு மருந்துக் குடும்பமே வளர்ந்ததை இங்குக் காண்கிறோம்.

தோற்ற மருந்து திரும்பி வந்த கதை

ஆல்கலாய்டை மாற்றியமைப்பதன் அவசியத்தை இன்னும் தெளிவாக விளக்குவது காம்ப்டோதெசின் என்னும் பொருளின் வரலாறு. சீன நாட்டு மரம் ஒன்றிலிருந்து இதனை மன்ரோ வால் என்பவரும், இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் பிறந்த மன்சுக் வானி என்பவரும் அமெரிக்காவில் பிரித்தெடுத்து 1966இல் வெளியிட்டனர். நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய இரசாயனப் பேரறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரி, பம்பாய் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வேறொரு மரத்திலும் இதே ஆல்கலாய்டு மிகுதியாக இருப்பதை, என். விஸ்வநாதன் என்பவருடன் சேர்ந்து 1972இல் அறிவித்தார்.

காம்ப்டோதெசின் தண்ணீரில் கரையாது. கரைய வைப்பதற்காக அதன் வளையங்களில் ஒன்றைத் திறந்து, உப்பாக மாற்றி நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். வளையம் திறந்த நிலையில் மருந்தின் வலிமை போய்விட்டது. சிறுநீர்ப்பையை அடைந்ததும் வளையம் மீண்டும் மூடி, அங்கே கடும் புண்ணை உண்டாக்கியது. 1970களின் தொடக்கத்தில் அச்சோதனைகள் கைவிடப்பட்டன.

உயிரணுவின் மரபு இழை முறுக்கேறும்போது அதை வெட்டித் தளர்த்தி மீண்டும் ஒட்டும் ஒரு நொதியையே இப்பொருள் தடுக்கிறது என்பது 1985இல் தெரியவந்தது. அதன் பிறகு ஆராய்ச்சி மீண்டும் உயிர் பெற்றது. வளையத்தைத் திறக்காமலேயே, வேறோர் இடத்தில் கரையும் தன்மையுள்ள கிளையைப் பொருத்தினார்கள். டோபோடெகன், இரினோடெகன் என்னும் இரு மருந்துகள் பிறந்தன. இரினோடெகனை உருவாக்கியது, நம் பிள்ளைகள் விரும்பிக் குடிக்கும் யாக்கூல்ட் பானத்தைத் தயாரிக்கும் அதே ஜப்பானிய நிறுவனம்தான். உடலுக்குள் சென்றதும் நம் நொதிகளே அந்தக் கிளையை வெட்டிவிட, வீரியமுள்ள பகுதி வெளிப்படுகிறது. 1994இல் ஜப்பானிலும் 1996இல் அமெரிக்காவிலும் இம்மருந்து அனுமதி பெற்றது. இன்று பெருங்குடல் புற்றுநோய்க்கு அது முக்கிய மருந்து. 2019இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற புதிய மருந்து ஒன்றில், காம்ப்டோதெசினின் வழிவந்த பொருளை எதிர்ப்புரதத்தோடு கோத்து, நோய் அணுவைத் தேடிச் சென்று சேருமாறு செய்திருக்கிறார்கள்.

செடிக்கும் வரும் சோதனை

மருந்துக்குத் தேவை பெருகப் பெருக, மரத்துக்கு ஆபத்து வருகிறது. காம்ப்டோதெசினுக்காக மேற்குத் தொடர்ச்சி மலை மரங்கள் பெருமளவு வெட்டப்பட்டதால் அவை அருகிவிட்டன. நித்தியகல்யாணியைப் பயிரிட முடியும். ஆனாலும் மருந்து தடையின்றிக் கிடைப்பது உறுதியில்லை. 2019இல் அமெரிக்காவிலேயே வின்கிறிஸ்டினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, குழந்தைகளின் பெற்றோர் கலங்கினர். தயாரிப்பாளர்களில் ஒருவர் விலகிக்கொண்டதே காரணம்.

இதற்கு ஒரு வழியை 2022இல் அறிஞர்கள் காட்டினர். ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டின் மரபுப் பொருளில் 56 மாற்றங்களைச் செய்து, வின்டோலினையும் கத்தரான்தினையும் அதனையே உண்டாக்கச் செய்தார்கள். பிறகு இரண்டையும் இணைத்து வின்பிளாஸ்டினைப் பெற்றார்கள். செடி முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்யும் வேலையைத் தொட்டியில் செய்துகாட்டிய சாதனை இது.

அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை

வின்கிறிஸ்டின் ஒரு பெரியவருக்கு ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் தரப்படுவதில்லை. ஓர் அரிசி மணியின் எடையில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. உயரமும் எடையும் பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்து அளவு குறிக்கிறார்கள். இரத்தக் குழாய் வழியாக மட்டுமே செலுத்துகிறார்கள். முதுகுத் தண்டு நீரில் தவறிச் சென்றால் உயிர் பிழைப்பது அரிது. இத்தனை கவனத்தோடு கையாளப்படும் பொருளைப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து அளக்க முடியுமா?

இலைக் கஷாயத்தில் மருந்துப் பொருள் மிக மிகச் சொற்பம். எவ்வளவு என்று யாராலும் சொல்ல இயலாது. கூடவே வேறு பல ஆல்கலாய்டுகளும் வயிற்றுக்குள் செல்கின்றன. புற்றுநோயை அது ஆற்றாது. உடலுக்குத் தீங்கு செய்யக்கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கு, அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. தொடக்கத்தில் குணப்படுத்தக்கூடிய கட்டி, காத்திருக்கும் மாதங்களில் பரவிவிடுகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயிலோ வாரங்கள் தாமதித்தாலும் ஆபத்து. மருத்துவமனைச் சிகிச்சையோடு சேர்த்து மூலிகை எதுவும் உட்கொள்பவர்கள் அதனை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தோடு மருந்து மோதுவதைத் தடுக்க அது ஒன்றே வழி.

நம் முன்னோரின் மூலிகை அறிவை இதனால் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். செடியில் ஏதோ இருக்கிறது என்று முதலில் சுட்டிக்காட்டியவர்கள் பாமர மக்களே. ஜமைக்காவில் கஷாயம் காய்ச்சியவர் இல்லாவிட்டால் அந்தக் கடித உறை கனடாவுக்குப் போயிருக்காது. ஆனால் அவர்கள் சுட்டிக்காட்டியதைச் சோதித்து, தீமையைக் களைந்து, அளவைக் கண்டு, மருந்தாக்கியது பிற்காலத்தவரின் நெடிய உழைப்பு. இறைவன் செடியைப் படைத்தான். அதனை ஆராயும் அறிவையும் மனிதனுக்குத் தந்தான். ஒன்றை ஏற்று மற்றொன்றைப் புறக்கணிப்பது முறையாகாது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்துக்கு நான்கு அங்கங்களைச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து துணை செய்பவர். மருந்தை அறிஞர்கள் தேடித் தருகிறார்கள், மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். நான்காம் இடம் நம் போன்றோருக்கு உரியது. புற்றுநோய்ச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. குழந்தைக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும். தொலைவிலுள்ள ஊரிலிருந்து பெருநகர மருத்துவமனைக்கு வந்து போகும் பேருந்துக் கட்டணம், தங்க ஓர் இடம், வேலைக்குப் போக முடியாத தாயின் வீட்டுக்கு அரிசி பருப்பு ஆகியவை இல்லாமையாலும் சிகிச்சை பாதியில் நின்றுபோவதுண்டு. நன்கொடையாளர்கள் தரும் வெள்ளி அந்த இடத்தில் மருந்துக்கு நிகரான வேலையைச் செய்கிறது. பணம் தர இயலாதவர்கள், கஷாயத்தை நம்பித் தயங்கி நிற்கும் ஓர் உறவினரின் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாலும் போதும்; அதுவும் திருப்பணியே.

நாளைக் காலை அர்ச்சனைக்கு நித்தியகல்யாணியைப் பறிக்கும்போது, அதன் ஆற்றலையும் அதன் எல்லையையும் சேர்த்தே நினைவில் கொள்வோம். நோயுற்ற அனைவரும் உரிய காலத்தில் உரிய மருந்தைப் பெற்று நலமுற எல்லாம் வல்ல இறைவனை வேண்டுவோமாக.